மெத்தை அக்கா ஸ்பீக்கர் வாங்கிய கதை

மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறவர்கள் நாள் முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார்கள் என்று யாராவது நினைத்தால், அவர்கள் மெத்தை அக்காவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். கடையின் ஷட்டர் பாதி ஏறும்போதே குனிந்து உள்ளே போய்விடுவாள். பார்வைக்கு விரித்திருக்கும் மெத்தை ஒவ்வொன்றிலும் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருப்பாள். ஏன் என்று கேட்டால், "ராத்திரி பூரா தனியா கெடந்துச்சுங்களே, விசாரிக்க வேணாமா?" என்பாள். அவளுடைய பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. மற்றபடி முதலாளியிலிருந்து பக்கத்துக் கடைக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் மெத்தை அக்காதான்.

மெத்தையைக் கையால் இரண்டு அமுக்கு அமுக்கிவிட்டுப் பணத்தை எடுக்கிற ஆட்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கையா தூங்கப் போகுது? செருப்பக் கழட்டிட்டுப் படுங்க" என்பாள். படுத்தால் போதாது. கண்ணை மூட வேண்டும். கணவன் மனைவியாக வந்தால் வீட்டில் எந்தப் பக்கம் யார் படுப்பார்களோ அந்தப் பக்கம்தான் படுக்க வேண்டும். அந்த இடத்திலேயே சண்டை பிடித்துக்கொண்டு எழுந்து போன ஜோடிகளும் உண்டு. அதற்காக அவளை அப்பாவி என்று நினைக்க வேண்டாம். கடையிலேயே விலை கூடிய மெத்தையின் மேல்தான் ஏசிக் காற்று நேராக விழும். அதை அங்கே நகர்த்திப் போட வைத்தது அக்காதான். வியாபாரம் என்றால் வியாபாரம்.

இப்படிப்பட்டவள் ஒருநாள் கட்டில் அளவெடுக்க ஒரு பல் டாக்டர் வீட்டுக்குப் போனாள். போனவள் போன மாதிரி திரும்பி வரவில்லை. அந்த வீட்டு முன்னறையில் ஆளுக்கொரு மூலையாக இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். அளவு நாடாவைப் பிரித்தபடி அறையைக் கடந்த அக்கா, பாட்டில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்குவதற்கு முன்னால் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரோ மூச்சை இழுத்த மாதிரி இருந்தது. பின்னால் யாரும் இல்லை. மூச்சு இழுத்தது பாடுகிறவள்.

அக்காவுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. கட்டிலின் நீளத்தை அளந்தாள், அகலத்தை மறந்தாள். மறுபடி போய் அளக்க வேண்டியதாயிற்று. அது மறதியா, இன்னொரு தடவை அந்தப் பாட்டைக் கேட்கப் போட்ட திட்டமா என்று அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கணவரிடம் சொன்னாள். "என்னங்க, அந்தப் பாட்டுக்காரி மூச்சு வாங்குறது கேட்டுச்சுங்க!"

"வாங்காம இருந்தா செத்துருவாளே" என்றார் அவர்.

அவர் டைல்ஸ் பதிக்கிறவர். தன் தொழிலில் கெட்டிக்காரர், அதை அவரே சொல்லியும் விடுவார். டைல்ஸைப் பதித்து முடித்ததும் சுத்தியலின் கைப்பிடியால் ஒவ்வொன்றையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அடியில் எங்காவது கலவை சேராமல் வெற்றிடம் இருந்தால் 'பொத்' என்று கேட்கும். சரியாக உட்கார்ந்திருந்தால் 'கணீர்' என்று கேட்கும். பொத் என்று கேட்ட டைல்ஸை யார் தடுத்தாலும் பெயர்த்து மறுபடி பதித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

அவருடைய வாழ்நாள் சாதனை அவர்கள் வீட்டு ஹால்தான். பெரிய பெரிய வேலைகளில் மிஞ்சிய உயர்ந்த ரக டைல்ஸ்களைக் கேட்டு வாங்கி, வருடக்கணக்கில் சேர்த்து, தரையில் மட்டுமில்லாமல் நாலு சுவரிலும் கூரை வரைக்கும் பதித்திருந்தார். பளிங்கில் ஓடும் சாம்பல் கோடுகள் ஒரு டைல்ஸிலிருந்து அடுத்ததற்குப் பிசிறில்லாமல் தொடர்ந்து ஓடும். அந்தச் சுவரில் இன்று வரை ஓர் ஆணி இறங்கியதில்லை. கடிகாரம்கூடச் சமையலறையில்தான் தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாதவர்களுக்குக் காபி தாமதமாகத்தான் வரும்.

ஸ்பீக்கர் வாங்குவதற்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. மெத்தையோடு தலையணையும் விற்றால் கடையில் தனியாகக் கொஞ்சம் கொடுப்பார்கள். அதைத் தொடாமல் அவள் சேர்த்து வைத்திருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் அதற்குத் 'தலையணை நிதி' என்று பெயர் வைத்திருந்தாள். "உன் காசு, உன் ஆசை" என்றார் கணவர். "ஒண்ணே ஒண்ணு. வீட்ல வச்சுக் கேட்டுப் பாரு. சரியில்லேன்னா கடைக்காரன் குடுக்கற ஒரு வாரத்துக்குள்ள திருப்பிக் குடுத்துரு. பரண்ல போட்டு வைக்கற வேலை வேணாம். உன்னோட ஓடாத சைக்கிள் ஒண்ணு ஏற்கெனவே அங்க ஓடாம நிக்குது."

அந்த உடற்பயிற்சி சைக்கிளைப் பற்றி அக்காவால் வாய் திறக்க முடியாது. சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆனால் அவளுக்குத் தன்னைத் தெரியும். வீட்டுக்கு, பிள்ளைக்கு, அவருக்கு என்று வாங்கியே பழகிய கை. தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கும் முதல் பெரிய பொருள் இதுதான். இது திரும்பிப் போனால் இன்னொரு தடவை ஆசைப்படும் துணிச்சல் தனக்கு வராது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அப்புறம் தொடங்கிய நாட்களில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் இணையத்தில் தேடித் தேடி வாசித்துக் காட்டினாள். விரல் தடிமனுக்கு வயர் போட்டால்தான் பாட்டு பாட்டாக இருக்கும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அப்படிப் போடுகிறவன் முட்டாள் என்று அதற்குக் கீழேயே இன்னொருவன் எழுதியிருந்தான். மூன்றாவது ஆள் தன்னுடைய ஸ்பீக்கரில் பாட்டு வெதுவெதுப்பாக இருக்கிறது என்றிருந்தான்.

"பாட்டா, வெந்நீரா?" என்றாள் அக்கா. ஆனாலும் விடாமல் கேட்டாள். ஆம்ப்ளிஃபயர் என்றால் பாட்டுக்குத் தெம்பு கொடுப்பது, ஸ்பீக்கர் என்றால் வாய் என்று தன் போக்கில் புரிந்துகொண்டாள்.

முதலில் போன கடை பெரியது. கண்ணாடிக் கதவைத் திறந்ததுமே தரை அதிர்ந்தது. ஒரே பெட்டியில் எல்லாம் அடங்கிய ஒன்றைக் காட்டி, விற்பனைக்காரர் சத்தத்தை ஏற்றினார். அக்காவின் நெஞ்சு கிடுகிடுத்தது. "மாரடைப்பு இத விடச் சல்லிசா வரும்ங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

இரண்டாவது கடை ஒரு பெயிண்ட் கடைக்கு மேல், குறுகலான படி ஏறிப் போக வேண்டும். உள்ளே கம்பளம், கனத்த திரை, ஒரு சாய்வு நாற்காலி. ஒல்லியாக ஓர் இளைஞர் வரவேற்றார். எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் வயரில் கொண்டுபோய் முடிப்பார். அதனால் அக்கா அவருக்கு 'வயர் தம்பி' என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டாள். அவர் எடுத்த எடுப்பில் ஆளுயர ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைக் காட்டினார். விலையைக் கேட்ட அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"தம்பி, இத முதல்ல காட்டுவீங்க. நான் வாயப் பொளப்பேன். அப்புறம் நடுவுல இருக்கறதக் காட்டுவீங்க. அது சும்மா குடுக்கற மாதிரி தெரியும். நானும் கடையில நிக்கிறவதான், நடுவுல இருக்கறதுக்கே வாங்க."

வயர் தம்பி அசடு வழிந்தார். நடுத்தர விலையில் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். இரண்டாவது ஜோடி பிரமாதமாகக் கேட்டது. ஆனால் அக்காவின் கண் அவருடைய கையில் இருந்தது.

"ரெண்டாவதுக்கு மாத்தும்போது அந்தக் குமிழ் ஒரு பொட்டு திரும்புச்சே?"

"எந்தக் குமிழ்க்கா?"

"சத்தம் கொஞ்சம் கூடினா எதுவும் நல்லாத்தான் கேக்கும். எங்க கடையில விலை கூடின மெத்தைக்கு மேலதான் ஏசி அடிக்கும். நான் சொல்லிட்டேன், நீங்களும் சொல்லுங்க."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கப்புறம் வயர் தம்பி அவளிடம் பொய்யே சொல்லவில்லை. "காசுல பாதிக்கு மேல ஸ்பீக்கருக்கே போட்டுருங்கக்கா. ஆம்ப்ளிஃபயர் பழசு ஒண்ணு வந்திருக்கு, வச்சிருந்தவரு பெருசா வாங்கிட்டாரு. நல்லா இருக்கு. பாட்டுக்கு உங்க போனே போதும்" என்றார்.

"வயர்?"

அவர் முதலாளி இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "சாதாரண வயர் போதும்க்கா" என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு இடைவேளைகளை எல்லாம் அந்த மாடியில் கழித்தாள் அக்கா. செருப்பைக் கழற்றி வைப்பாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுவாள். ஒரே பாட்டை முழுசாகக் கேட்பாள், அடுத்த ஜோடியில் மறுபடி முழுசாகக் கேட்பாள். நடுவில் யாரும் பேசக் கூடாது. பளபளப்பான ஒரு ஜோடி எதையோ விற்க வந்த மாதிரி காதருகில் வந்து கத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் பழுப்பு நிறத்தில், பார்க்க மரப்பெட்டி மாதிரி இருந்த ஒரு சின்ன ஜோடியைப் போட்டார் வயர் தம்பி. ஒரு வரி முடிந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டே, "வாங்கிட்டா, மூச்சு வாங்கிட்டா!" என்று கத்தினாள். கீழே பெயிண்ட் கடையில் இருந்தவர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று மேலே ஓடி வந்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று வாடகைக் காரின் பின் இருக்கையில் ஸ்பீக்கர் பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டு, அக்கா மடியில் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு வந்தாள். ஓட்டுநர் பள்ளத்தில் இறக்கும்போதெல்லாம் "பாத்துப் பாத்து" என்றாள். பழைய கட்டில் கால்களை வெட்டி ஸ்பீக்கர் நிற்க ஸ்டாண்டு செய்து தயாராக வைத்திருந்தாள். வயர்களைச் சொருகினாள். கணவரையும் மகளையும் நாற்காலியில் உட்கார வைத்தாள். பாட்டைப் போட்டாள்.

கணவர் துள்ளி எழுந்துவிட்டார். "கேட்டியா! கணீர்னு! ஹால் முழுக்கக் கணீர்னு கேக்குது! என் சுவரு எப்படிப் பேசுது பாத்தியா!" அவருக்குத் தலைகால் புரியவில்லை. சுவரோரமாக நடந்து விரல் முட்டியால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிக் கொடுத்துக்கொண்டே போனார்.

மகள் அம்மாவின் காதருகில் குனிந்தாள். "அம்மா, அந்தப் பாட்டுக்காரங்க குளிச்சிட்டு இருக்காங்களா?"

அக்காவின் முகம் தொங்கிப் போயிற்று. கடையில் கேட்ட குரல் இங்கே இல்லை. ஒரு சொல் முடிவதற்குள் அதன் வால் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்தது. மூச்சு கேட்கவே இல்லை. ஸ்பீக்கரை முன்னால் நகர்த்தினாள், பின்னால் நகர்த்தினாள், ஒன்றையொன்று பார்க்கத் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் வயர் தம்பிக்குப் போன் செய்தாள்.

"ஹால்ல என்னக்கா இருக்கு? கம்பளம், திரை, சோபா?"

"நாலு பிளாஸ்டிக் நாற்காலி. டைல்ஸ்."

"தரையிலயா?"

"தரையில. சுவத்துலயும். மேல வரைக்கும்."

"மேல வரைக்குமா!" என்று அலறினார் வயர் தம்பி. பிறகு, "அக்கா, ஒரு தடவை கை தட்டுங்க" என்றார்.

தட்டினாள். ஹால் திருப்பித் தட்டியது.

"எனக்கே கேட்டுச்சுக்கா" என்றார் வயர் தம்பி.

கணவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அக்காவும் மகளும் படுக்கையறை மெத்தையை ஹாலுக்கு இழுத்து வந்து ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் சாத்தி நிறுத்தினார்கள். பாட்டைப் போட்டார்கள். குரல் சுத்தமாக வந்தது. வரி முடிந்தது. மூச்சு! இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தார்கள். அந்த ஆட்டத்தில் வாசல் திறந்தது அவர்களுக்குக் கேட்கவில்லை.

"என்ன இது?" என்றார் கணவர். அவருடைய சுவரிலேயே கோடுகள் ஆகச் சிறப்பாகச் சேரும் இடத்தை மெத்தை மூடியிருந்தது. "மூட்டைப்பூச்சிக்கு வைத்தியமா? யாராவது வந்தா என்ன நெனைப்பாங்க?"

"காத்தாட வச்சோம்ங்க" என்று சொல்லி மெத்தையை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள் அக்கா.

அவளுக்கு வழி தெரியாமல் இல்லை. கடையில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி வந்த தடித்த ஃபோம் பலகைகளைத் துணியில் சுற்றி அந்தச் சுவரில் மாட்டினால் போதும். மகள் ஒட்டும் நாடாவை வைத்து ஒன்றை ஒட்டிப் பார்த்தாள். அது பளபளப்பில் வழுக்கி நிதானமாகத் தரைக்கு வந்து சேர்ந்தது. ஆணி அடிக்காமல் நிற்காது.

"ஏங்க" என்று காபி கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "அந்தச் சுவத்துல ஆணி நாலே நாலு..."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆணியா? என் நெஞ்சுல அடி" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கண்ணில் விளையாட்டு இல்லை.

அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். உங்கள் சுவர்தான் பாட்டைக் கெடுக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தினமும் வேலை முடிந்து வந்து, "எங்க, அந்தக் கணீரக் கொஞ்சம் போடு" என்று அவரே கேட்டுச் சந்தோஷமாக உட்காருகிறார்.  அவரைக் காயப்படுத்திவிட்டு ஒரு ஸ்பீக்கரா? போகட்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

திருப்பிக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் விடுமுறையாக வாய்த்தது. காலையில் அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்து முதல் ஸ்பீக்கரை அதன் பையில் நுழைத்தாள். கணவர் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார்.

"எங்க போகுது?"

"கடைக்கு. சரியில்ல."

"என்ன சரியில்ல? கணீர்னு இருக்கே!"

அவ்வளவுதான். ஒரு வாரமாக அடக்கி வைத்தது வெடித்துவிட்டது. "அந்தக் கணீர்தாங்க எனக்கு வேணாம்! உங்க டைல்ஸ்ல பட்டுப் பட்டு, அவ பாடுறதே எனக்குக் கேக்க மாட்டேங்குது!" என்று சொல்லிவிட்டுப் பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, "டைல்ஸ் நல்லாத்தான் இருக்கு" என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

அவர் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். வேலையில் டைல்ஸைத் தட்டிக் கேட்கும் அதே முகம். "பாட்டப் போடு" என்றார். மகள் மிச்சமிருந்த ஒரு ஸ்பீக்கரில் போட்டாள். கேட்டார். "இப்ப மெத்தையக் கொண்டு வா" என்றார். மகளும் அவரும் மெத்தையைச் சாத்தினார்கள். மறுபடி கேட்டார். மெத்தையை எடுக்கச் சொன்னார், வைக்கச் சொன்னார். நாலாவது தடவை, மெத்தை இல்லாத நேரத்தில், சட்டென்று "பொத்" என்றார்.

விறுவிறுவென்று பின்பக்கம் போய் வேலைப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். கோபித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறார் என்றே அக்கா நினைத்தாள். அவர் எதிர்ச் சுவருக்கு முன்னால் மண்டியிட்டு, உளியை இரண்டு டைல்ஸுக்கு நடுவில் இருந்த இடைவெளியில் வைத்து, ஓங்கி ஓர் அடி அடித்தார்.

"ஐயையோ, என்னங்க பண்றீங்க!"

"தள்ளி நில்லு, தெறிக்கும்."

முதல் டைல்ஸ் லேசில் வரவில்லை. உளி வழுக்கியது. மறுபடி அடித்தார். ஒரு மூலை மட்டும் உடைந்தது. அவருடைய முகத்தில் ஏதோ பிரகாசம் வந்தது. "பாரு, பாரு! வருதா பாரு! எப்படி ஒட்டியிருக்கேன்! எவன் பதிச்சதுடா இது!" என்றார். அடுத்த அடியில் அது நாலாகப் பிளந்து விழுந்தது. சாம்பல் கோடு நாலு துண்டிலும் தனித்தனியாக ஓடியது. அவர் ஒரு நொடி அதைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு அடுத்ததில் உளியை வைத்தார். "இதும் வராது பாரேன்!" என்று சவால் விட்டார். ஒவ்வொன்றையும் உடைக்கும்போது தன்னையே மெச்சிக்கொண்டார், உடைந்து விழும்போது தன்னையே திட்டிக்கொண்டார். மகள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் தன் வேலையைத் தானே கெடுத்து அவள் பார்த்ததில்லை. இவ்வளவு பிரியத்தை இந்த மனிதர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

சுவரின் நடுவில் ஒரு கதவளவு இடம் வெறும் சிமெண்டாக நின்றது. ஃபோம் பலகைகளை அவரே மட்டம் பார்த்து, ஒரு நூல் பிசகாமல் ஆணி அடித்து மாட்டினார். தலைமுடியெல்லாம் தூசி. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, "போடு" என்றார்.

அக்கா முதல் ஸ்பீக்கரையும் பையிலிருந்து வெளியே எடுத்து மாட்டினாள். பாட்டு ஓடியது. மூன்று பேரும் அசையவில்லை. வரிகளுக்கு நடுவில் அந்தப் பெண் மூச்சை இழுத்தபோது, கணவரும் தன்னை அறியாமல் கூடவே இழுத்தார். அக்கா அதைப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு அது போதும். பாட்டில் மீதி ஒரு சொல்கூட அவள் மனதில் நிற்கவில்லை.

பாட்டு முடிந்தது. கணவர் எழுந்து கை தட்டினார். தலையைச் சாய்த்தார். பக்கவாட்டுச் சுவரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அடிக்குது, கேக்குதா உனக்கு?" என்று கீழே கிடந்த உளியை நோக்கிக் குனிந்தார்.

"போதும்ங்க, சாமி!" என்று பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள் மெத்தை அக்கா.